ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு என்.எச்.எல்லில் இடம் இருக்கிறதா?

கேள்வி: 28 ஏப்ரல் 2025, காலை

வட அமெரிக்கத் தொழில்முறைப் பனி ஹொக்கி லீக்கான என்.எச்.எல்லின் கிண்ணத் தொடரில், நேற்றிரவு மொன்றியலுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தையும் வொஷிங்டன் எடுத்துவிட்டது. 5–2. தொடர் 3–1. மொன்றியல் நிர்வாகம் இனியாவது கண்ணைத் திறந்து பார்க்கட்டும். அவர்களுடைய வீரர் கோல் கோஃபீல்ட் 5 அடி 8 அங்குலம். லேன் ஹட்சன் 5 அடி 9, வயது 21. எதிரில் நிற்பவர் ரொம் வில்சன், 6 அடி 4. பக்கத்தில் ஒவெச்கின், 39 வயதிலும் கடா மாதிரி. சாதாரணப் பருவ ஆட்டங்களில் இந்தச் சின்னப் பிள்ளைகள் அழகாக விளையாடலாம். ஏப்ரலில் கிண்ணத் தொடர்கள் வந்ததும் நடுவரின் விசில் அடங்கிவிடும், தோள்கள் பேசத் தொடங்கிவிடும். சிறியவர்களும் இளையவர்களும் தொழில்முறை ஹொக்கியின் அடியைத் தாங்க மாட்டார்கள் என்பதற்கு இன்னும் எத்தனை சாட்சி வேண்டும்?

பதில்: 28 ஏப்ரல், இரவு

நான் இதை ஏற்கவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஹட்சன் இந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களிலும் இறங்கினார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 66 புள்ளிகள், அதில் 60, மற்றவர்கள் கோல் போட எடுத்துக் கொடுத்தவை. முதற்பருவத் தற்காப்பு வீரர் ஒருவர் அத்தனை எடுத்துக் கொடுத்தது அதற்கு முன் ஒரே தடவை: லரி மர்ஃபி, 1980–81. கோஃபீல்டும் 82 ஆட்டங்கள், 37 கோல்கள். அடி தாங்காதவர்கள் செய்கிற வேலையா இது?

அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பயிற்சியாளரைப் பாருங்கள். மார்ட்டின் சென் லூயி, அவரும் 5 அடி 8. கல்கரி அணி டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், எடுத்துக் கொஞ்சக் காலம் வைத்திருந்துவிட்டு, 2000இல் வேண்டாமென்று விட்டது. தம்பா பே சேர்த்துக்கொண்டது. 2003–04இல் 94 புள்ளிகளுடன் லீக்கிலேயே முதலிடம், மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது, ஸ்டான்லி கிண்ணம், மூன்றும் ஒரே பருவத்தில். 2013இல் 37 வயதில் மறுபடியும் புள்ளிப் பட்டியலில் முதலிடம். அந்த இடத்தை அவ்வளவு வயதில் பிடித்தவர் வேறு யாரும் இல்லை.

தாங்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள் இவரை என்ன செய்யப் போகிறீர்கள்?

29 ஏப்ரல்

திருத்தம். சென் லூயியைக் கல்கரி டிராஃப்டில் எடுக்கவில்லை. யாருமே எடுக்கவில்லை. வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் விளையாடி முடித்துவிட்டுச் சிறிய லீக்குகளில் அலைந்தவரைக் கல்கரி 1998இல் ஒப்பந்தம் செய்தது. என் தவறு. ஆனால் இந்தத் தவறு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. அத்தனை அணிகளும் ஆண்டுக்கு ஆண்டு அவருடைய பெயரைக் கடந்து போயிருக்கின்றன.

1 மே

முடிந்தது. நேற்று 4–1. மொன்றியல் வெளியே.

1993இல் மொன்றியல் கிண்ணம் வென்ற இரவில் நான் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே ஊரே கத்தியது. யார் வென்றார்கள், என்ன விளையாட்டு என்றே தெரியாமல் நானும் ஈரக் கையோடு வாசலுக்குப் போய் நின்றேன். அன்று தொடங்கிய பிடிப்பு. ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து இருபது வருடமாகியும் அணியை மாற்றவில்லை.

இன்று வேலைக்கு விடுப்பு. தொடரின் ஐந்து ஆட்டங்களையும் ஓடவிட்டு ஹட்சனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கை, அந்த ரப்பர் வட்டைப் பார்க்கவில்லை, அவரையே. நீங்களும் ஒரு தடவை அப்படிப் பாருங்கள். பக் மூலைக்குப் போகிறது. அவர் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு அதை எடுக்க ஓடுகிறார். பின்னால் நூறு கிலோ ஆள் ஒருவர் முழு வேகத்தில் வருகிறார். ஹொக்கியில் இதைவிட ஆபத்தான நிலை குறைவு. பக்கைத் தொடுவதற்கு முன் ஹட்சன் இடது தோளுக்கு மேலாக ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலாக இன்னொரு பார்வை. பிறகு இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டுகிறார். வருபவர் அந்தப் பக்கம் எடையைப் போடுகிறார். இவர் மறுபக்கத்தால் வழுவிவிடுகிறார். அரங்கைச் சுற்றியுள்ள பலகையில் மோதுவது துரத்தி வந்தவரின் தோள்.

எனக்கு ஊர்க் கிளித்தட்டுத்தான் நினைவு வந்தது. கோயில் வீதியில் மறிப்போம். எங்கள் பக்கத்தில் மிகச் சிறியவன் ஒருவன் இருந்தான், எல்லோரையும்விட நான்கு வயது இளையவன். கோட்டில் நிற்பவனின் முகத்தைப் பார்க்கவே மாட்டான், முழங்காலைத்தான் பார்ப்பான். முழங்கால் எந்தப் பக்கம் மடிகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தால் போய்விடுவான். உப்புக் கொண்டு வருபவன் பெரும்பாலும் அவன்தான்.

ஆகவே, அடியைத் தாங்குவது பற்றிய கேள்வியே எனக்குக் கோணலாகத் தெரிகிறது. நல்ல சிறிய வீரர் வாங்குகிற அடியே குறைவு.

3 மே

"ஏய்த்து ஏய்த்து எத்தனை நாள்? ஒரு நாள் மாட்டுவார்" என்று பதில் வந்திருக்கிறது. சரி, மாட்டினவர்களைப் பற்றிப் பேசுவோம். பெரியவர்களிலிருந்து தொடங்குகிறேன்.

எரிக் லிண்ட்ரோஸ். 6 அடி 4, ஏறக்குறைய 110 கிலோ. அவரைப் போல ஓர் உடலை ஹொக்கி அதுவரை அதிகம் கண்டதில்லை. மற்றவர்கள் அவரைக் கண்டு ஒதுங்கினார்கள். 2000 மே 26, ஃபிலடெல்ஃபியாவில் ஏழாவது ஆட்டம். தலையைக் குனிந்தபடி பக்கைக் கொண்டு நடுவால் வந்தார். நியூ ஜேர்சியின் ஸ்கொட் ஸ்டீவன்ஸ் தோளைக் கொடுத்தார். லிண்ட்ரோஸ் விழுந்த விதத்தை நான் இன்றும் மறக்கவில்லை. ஸ்டீவன்ஸுக்குத் தண்டனை கிடையாது. அன்றைய விதிப்படி அது முறையான மோதல். அடுத்த பருவம் முழுவதும் லிண்ட்ரோஸ் ஆடவில்லை.

அவருடைய தம்பி பிரெட் லிண்ட்ரோஸ். அவரும் 6 அடி 4. 1994 டிராஃப்டில் ஒன்பதாவது. 51 ஆட்டங்கள். மூளையதிர்வுகளால் 1996இல் ஓய்வு. வயது இருபது.

மக்ஸ் பசியோரெட்டி, 6 அடி 2. 2011 மார்ச் 8, மொன்றியல் அரங்கில் 6 அடி 9 ஸ்டெனோ சாரா அவரைப் பலகையோடு தள்ளிக்கொண்டு போக, வீரர் இருக்கைகளுக்கு இடையிலிருந்த கண்ணாடித் தூணில் தலை மோதியது. கழுத்து எலும்பு முறிவு, கடுமையான மூளையதிர்வு. அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் வளைந்த கண்ணாடி வந்தது.

உயரம் இவர்களைக் காப்பாற்றவில்லை. மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்குத் தசை கிடையாது. அதை யாரும் பயிற்சிக்கூடத்தில் வளர்க்க முடியாது. வருவதைக் கண்டிருந்தால் கழுத்து இறுகும், முழங்கால் மடியும், உடல் சற்றுத் திரும்பும். காணாமல் வாங்குவதுதான் ஆளை முடிக்கிறது.

3 மே, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதில் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டேன். சாரா போன்ற ஒருவர் ஸ்கேட் போட்டால் ஏழடி. அவருடைய முழங்கையும் தோளும் இருக்கும் மட்டத்தில்தான் 5 அடி 8 ஆளின் தலை இருக்கிறது. ஒரே மோதல், பெரியவருக்கு நெஞ்சில் விழும், சிறியவருக்குத் தாடையில் விழும். அடித்தவர் கையைத் தூக்கியிருக்கவே வேண்டாம். இதற்குச் சிறியவரின் சாமர்த்தியம் பதில் ஆகாது. விதிதான் பதில் சொல்ல வேண்டும்.

10 மே

விதி என்று சொன்னதும் மூன்று பேர் பாய்ந்துவிட்டார்கள். "அந்தக் காலத்தில் தியோ ஃபிளூரி எந்த விதியின் தயவில் விளையாடினார்?"

நல்ல கேள்வி. ஃபிளூரி 5 அடி 6. 1987 டிராஃப்டில் 166ஆவது. 1,084 ஆட்டங்களில் 1,088 புள்ளிகள், 455 கோல்கள், 1989இல் கல்கரியுடன் கிண்ணம். இதை எல்லோரும் சொல்வார்கள். தண்டனைப் பெட்டியில் அவர் உட்கார்ந்த நிமிடங்களைச் சொல்ல மாட்டார்கள்: 1,840. ஆட்டத்துக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல். அந்தக் காலத்து ஹொக்கியில் இடம் பிடிக்க, அந்தச் சிறிய மனிதர் எல்லோரையும்விட மூர்க்கமாக இருக்க வேண்டியிருந்தது. மட்டையால் கொத்த வேண்டும், கையுறையைக் கழற்றிச் சண்டைக்குப் போக வேண்டும், என்னைத் தொட்டால் உனக்கும் இரத்தம் வரும் என்று ஒவ்வோர் இரவும் காட்ட வேண்டும். அப்படி ஒரு ஃபிளூரி வந்தார். அப்படி இருக்க மனம் வராத எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

பிறகு 2004–05 பருவம் முழுவதும் லீக்கே முடக்கம். திரும்பி வந்தபோது மட்டையால் கொளுவி இழுப்பதையும் கையால் பிடித்து வைப்பதையும் நடுவர்கள் ஈவிரக்கமில்லாமல் தண்டித்தார்கள். நடுவில் இரண்டு கோடுகளைத் தாண்டிப் பக்கை அனுப்பக் கூடாது என்ற தடையும் போயிற்று. முன்பெல்லாம் வேகமாகப் போகும் சிறிய வீரரின் இடுப்பில் மட்டையைக் கொளுவிவிட்டால் போதும். அவர் வண்டியை இழுக்கும் மாடு போல ஆகிவிடுவார். அந்தக் கயிறு அறுந்தது. அந்தப் பருவத்திலேயே 5 அடி 7 பிரையன் ஜியோன்டா நியூ ஜேர்சிக்கு 48 கோல்கள் போட்டார். முந்திய பருவத்துக்கும் அதற்கும் இடையில் அவர் ஓர் அங்குலமும் வளரவில்லை.

2010இல் தலைக்குக் குறிவைக்கும் மோதலைத் தடுக்க 48ஆவது விதி வந்தது. 2016 நவம்பரில் கல்கரியின் ஜோனி கோட்ரோவின் விரலை மட்டையடி முறித்தது. அவரைப் போன்றவர்களின் கையையே குறிவைத்துத் தட்டுவது அப்போது சாதாரணம். அடுத்த பருவத்தில் கையில் மட்டையால் தட்டினாலே விசில் ஊதச் சொன்னார்கள். 2021–22இல் அந்த 5 அடி 9 மனிதர் 115 புள்ளிகள் எடுத்தார்.

சிறியவர்களால் முடியுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் விடை மாறியிருக்கிறது. உடல்கள் அதே உடல்கள்தான்.

11 மே

காலையில் எழுந்ததும் மேலே எழுதியது அரைகுறை என்று பட்டது. பிடித்து இழுப்பதைத் தடுத்ததில் இன்னொன்றும் நடந்தது. முன்பு தற்காப்பு வீரர் ஒருவர் மூலைக்குப் பக்கை எடுக்கப் போனால், அவருடைய கூட்டாளி துரத்தி வருபவரின் குறுக்கே நின்று அரை விநாடி தாமதப்படுத்துவார். இப்போது அதுவும் தண்டனை. துரத்துபவர் தடையே இல்லாமல் முழு வேகத்தில் வந்து சேர்கிறார். முன்களத்தில் கோஃபீல்டுக்குக் கிடைத்த விடுதலைக்குப் பின்களத்தில் ஹட்சன் விலை கொடுக்கிறார். அந்த இரண்டு தோள் பார்வைகளும் இந்த வேகத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து.

18 மே

இனி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் இவ்வளவு எழுதுவது ஹட்சனுக்காக மட்டும் இல்லை.

என் இளைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. நவம்பரில் பிறந்தவன். 4 அடி 8 அங்குலம், 36 கிலோ. இந்தச் செப்டம்பரில் தொடங்கும் பருவத்தில் அவனுடைய மட்டத்தில் உடல்மோதல் அனுமதிக்கப்படுகிறது. அணித் தேர்வு முடிந்து அவனை எடுத்துவிட்டார்கள். தேர்வின்போது இன்னோர் அணியின் பயிற்சியாளர் என்னைத் தனியே அழைத்து, "நன்றாக ஸ்கேட் செய்கிறான், ஆனால் இந்த உடலை வைத்து நான் என்ன செய்வது?" என்றார். அவன் மூன்றடி தள்ளி ஸ்கேட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருப்பான்.

அவன் மோத வேண்டிய அணிகளில் ஒரு பிள்ளை இருக்கிறான். ஜனவரியில் பிறந்தவன், 5 அடி 9, எழுபது கிலோ, மேலுதட்டில் மீசை அரும்பிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹட்சன் சுமார் 73 கிலோ, வில்சன் நூற்றிரண்டு மூன்று. ஒன்றுக்கு ஒன்றே கால், ஒன்றரை. என் மகனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒன்றுக்கு இரண்டு. தொழில்முறை ஹொக்கியில் இல்லாத ஏற்றத்தாழ்வு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் ஹொக்கியில் இருக்கிறது. கோபத்தில் சென் லூயியை இழுத்து வந்தேனே, அவரைக் கொண்டு இந்த இடத்தில் நான் எதை நிரூபிக்க முடியும்?

இதில் பிறந்த மாதத்துக்கும் பங்கு உண்டு. டிசம்பர் 31இல் வயதுக் கோடு. ஜனவரிப் பிள்ளையும் நவம்பர்ப் பிள்ளையும் ஒரே வயதுக் கணக்கு, நடுவில் பத்து மாத வளர்ச்சி. கனடாவின் இளையோர் ஹொக்கியில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி நிறைந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களிலேயே காட்டிவிட்டார். நாம் சிறியவன் என்று ஒதுக்குகிற பிள்ளைகளில் பலர் பிந்திப் பிறந்தவர்கள், அவ்வளவுதான். இன்னும் ஐந்து வருடம் பொறுத்தால் அவர்கள் சிறியவர்களாகவே இருக்க மாட்டார்கள்.

மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மோதல் இல்லாத லீக்கில் போடுங்கள்." அவன் ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

19 மே

பல பேர் மகனுக்காக எழுதியிருக்கிறீர்கள். "சின்ன வயதிலேயே மோதப் பழக்கியிருந்தால் இந்தப் பயமே இருந்திருக்காது" என்று இரண்டு பேர். அது அப்படி இல்லை. அல்பேர்ட்டாவில் 11–12 வயதுப் பிள்ளைகள் மோத அனுமதி இருந்தது, கியூபெக்கில் இல்லை. கல்கரிப் பல்கலைக்கழகத்தின் கரொலின் எமரி குழுவினர் இரண்டையும் ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டார்கள். அல்பேர்ட்டாப் பிள்ளைகளுக்கு மூளையதிர்வு ஆபத்து மூன்று மடங்குக்கு மேல். 2013இல் நாடு முழுவதும் அந்த வயதில் மோதல் நிறுத்தப்பட்டது அதன் பின்தான். என் மகன் இதுவரை தலையோடு தப்பியிருப்பது அந்த முடிவால். அதற்கு நான் நன்றியுள்ளவன்.

25 மே

ஒரு வாரமாக என்னையே உறுத்திக்கொண்டிருக்கும் விடயம். வந்து நின்றவர்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறேன். சென் லூயி, ஃபிளூரி, கோட்ரோ. கரையேறியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஆழமில்லை என்கிறேன்.

மற்றப் பட்டியலையும் எழுத வேண்டும். பாட் லாஃபொன்டேன், 5 அடி 10. மூளையதிர்வுகளால் 1998இல் ஓய்வு. மார்க் சவார்ட், 5 அடி 10. 2010 மார்ச் 7, பக்கை அடித்து அனுப்பிய பிறகு, கண் கோலை நோக்கியிருந்தபோது, பக்கவாட்டில் வந்த மற் குக்கின் அடி தலையில் விழுந்தது. அந்த ஆட்டத்தில் தண்டனையும் இல்லை, பிறகு தடையும் இல்லை. நான் மேலே பெருமையாகச் சொன்ன 48ஆவது விதி அந்த இரவின் வெட்கத்தால் வந்தது. சவார்ட் திரும்பி வந்தார், 2011 ஜனவரியில் இன்னோர் அடி, அத்தோடு முடிந்தது.

போல் காரியா, 5 அடி 10. 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். அதே ஸ்டீவன்ஸ். காரியா அசைவில்லாமல் கிடந்தார். முகக் கண்ணாடியில் மூச்சின் ஆவி படிந்தபோதுதான் உயிர் இருக்கிறது என்று எங்களுக்கு மூச்சு வந்தது. உள்ளே கொண்டுபோனார்கள். சில நிமிடங்களில் திரும்பி வந்து கோல் போட்டார். நான் வீட்டில் எழுந்து நின்று கைதட்டினேன். மூத்த மகன் அப்போது சிறு பிள்ளை. அவனைத் தூக்கிக்கொண்டு, "பார், இதுதான் வீரம்" என்றேன். காரியா 2011இல் மூளையதிர்வுகளால் ஓய்வு பெற்றார். அன்று அவரை மறுபடியும் பனியில் விட்டிருக்கவே கூடாது. என் மகனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது பிழை. இருபத்திரண்டு வருடம் கழித்து இதை இங்கே எழுதுகிறேன்.

"தாங்குவது" என்ற சொல்லையே இனி நான் இந்த இழையில் பாராட்டாகப் பயன்படுத்தப் போவதில்லை.

11 ஜூன்

ஹட்சனுக்குக் கால்டர் விருது! சிறந்த புதுமுகம். 2022 டிராஃப்டில் 61 பேரை எடுத்து முடித்த பிறகு 62ஆவதாகக் கூப்பிடப்பட்டவர். வீட்டில் கேசரி கிண்டினோம்.

கேள்வி கேட்டவர் வாழ்த்திவிட்டு, "சிறியவர் விடயத்தில் தோற்றேன், இளையவர் விடயத்தில் தோற்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். இங்கே அவரோடு நான் பாதிக்கு மேல் உடன்படுகிறேன். நாம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசியதுதான் குழப்பம்.

பதினெட்டு வயதில் இறக்கிவிடப்பட்டவர்களைப் பாருங்கள். கோனர் மக்டேவிட், 6 அடி 1, குள்ளர் இல்லை. 2015 நவம்பரில் பலகையில் மோதிக் காறை எலும்பு முறிந்தது; 37 ஆட்டங்கள் போயின. கோனர் பெடார்ட், 2024 ஜனவரி 5, நியூ ஜேர்சியில் நடுவால் வெட்டிப் போகையில் தாடை உடைந்தது, 14 ஆட்டங்கள். ஜாக் ஹியூஸ் 2019இல் முதல் தேர்வு. முதற்பருவத்தில் 61 ஆட்டங்களில் 21 புள்ளிகள்தான், கிழித்துத் தொங்கவிட்டார்கள். மூன்று பருவம் கழித்து அதே மனிதர் 99. இளையோருக்கான ஜூனியர் லீக்குகளில் எல்லோரையும் கடந்து பழகிய ஒரு நடு வழி, என்.எச்.எல்லில் கால் விநாடி முன்னதாகவே அடைபட்டுவிடுகிறது. அதைக் கண் பழக வேண்டும்.

சிறியவர்களில் பலர் பிந்தி வந்ததைக் கவனித்தீர்களா? சென் லூயி நான்கு வருடம் பல்கலைக்கழகம். கோட்ரோ மூன்று. கோஃபீல்ட் இரண்டு. ஹட்சன் இரண்டு. அங்கே ஆட்டங்கள் குறைவு, வார நாட்களில் உடலைக் கட்ட நேரம் உண்டு. அவர்களைச் சிறியவர்கள் என்று காக்க வைத்தார்கள். அந்தக் காத்திருப்பே அவர்களைக் காப்பாற்றியது. கனடா ஜூனியரிலிருந்து எடுக்கப்பட்ட பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு 2025 வரை அந்தப் படி இருக்கவில்லை. மேலே என்.எச்.எல், இல்லையென்றால் திரும்பவும் ஜூனியர் என்றே இருந்தது. நடுவிலுள்ள அமெரிக்கன் லீக்குக்கு அனுப்ப என்.எச்.எல்லுக்கும் ஜூனியர் லீக்குகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் விடாது. ஒன்பது ஆட்டம் வரை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அந்த வீரருடைய சொந்த ஒப்பந்தத்தின் முதல் வருடம் கழியாது. ஆகவே பத்தாவது ஆட்டத்துக்கு முன் ஒரு பிள்ளையின் உடலைப் பற்றிய முடிவைக் கணக்காளர்களும் சேர்ந்து எடுக்கிறார்கள்.

சாக் பென்சனைச் சொல்லி யாராவது வருவீர்கள். பஃபலோ, பதினெட்டு வயது, சிறிய உடல், 71 ஆட்டங்கள், 30 புள்ளிகள். உண்மை. அவர் ஒருவர் தாண்டினார் என்பதற்காக எல்லோரையும் அந்தக் கிணற்றுக்கு மேலால் பாயச் சொல்ல மாட்டேன்.

29 ஆகஸ்ட்

கோட்ரோ சகோதரர்கள் இறந்து இன்றோடு ஒரு வருடம். ஜோனியும் தம்பி மத்தியூவும் நியூ ஜேர்சியில் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போனபோது கார் மோதியது. தங்கையின் திருமணத்துக்கு முதல் நாள் இரவு. பனியில் அத்தனை பெரிய உடல்களுக்கு நடுவே வழுவி வழுவிப் போன மனிதர்.

அவருக்குச் சிறு வயதில் ஸ்கேட் பழக்கியது தந்தை. பனியில் வண்ண வண்ணக் குட்டி மிட்டாய்களைப் போட்டு வைப்பாராம். பிள்ளை ஒவ்வொன்றாக எடுக்கப் போய்ப் போய்ப் பழகினான். இன்று காலை மகனுக்கு இதைச் சொன்னேன். "அப்பா, பனியில் விழுந்த மிட்டாயைச் சாப்பிட்டாரா?" என்று கேட்டான். அதுதான் அவனுடைய முதல் கேள்வி.

13 செப்டம்பர்

முடிவைச் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவன் மோதல் உள்ள அணியில்தான் இருக்கிறான். மூவரும் மேசையில் இருந்து பேசினோம். தலையில் ஒரு அடி, சிறிதோ பெரிதோ, மருத்துவர் சொல்லும்வரை ஸ்கேட் கிடையாது. இரண்டாவது நடந்தால் அந்தப் பருவம் முடிவு. மறைத்தால் ஹொக்கியே முடிவு. மனைவி தாளில் எழுதினார், அவன் கையெழுத்துப் போட்டான். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

ஆகஸ்டில் நான்கு நாள் மோதல் பயிற்சி வகுப்பு. நான் எதிர்பார்த்தது இடிக்கப் பழக்குவார்கள் என்று. முதல் இரண்டு நாளும் யாரும் யாரையும் இடிக்கவில்லை. பலகைக்கு எப்படிப் போவது என்பது மட்டும். நேராகப் போகாதே, சாய்வாகப் போ. பலகையிலிருந்து ஓரடி தள்ளி நின்றால்தான் கழுத்து முறியும், ஒட்டியே நில். குனியாதே. கையை நீட்டித் தடுக்காதே, மணிக்கட்டு போகும். பக்கை எடுக்கும் முன் திரும்பிப் பார். இதையே நூறு தடவை. பயிற்றுவித்த பெண்மணி பல்கலைக்கழக அணியில் விளையாடியவர், என் மனைவியின் உயரம். ஒவ்வொரு பிள்ளையும் பக்கை நோக்கிப் போகும்போது பின்னால் நின்று விரலைக் காட்டுவார். எத்தனை விரல் என்று சொன்ன பிறகே பக்கைத் தொடலாம். என் மகன் முதல் நாள் பத்தில் மூன்று சரியாகச் சொன்னான். நான்காம் நாள் ஒன்பது.

ஹட்சன் செய்வதை அவர் தாமாகக் கண்டுபிடித்தார் என்று மே மாதம் எழுதியிருந்தேன். அப்படி இருக்காது. யாரோ ஒருவர் அவருக்குப் பின்னால் நின்று விரல் காட்டியிருப்பார்.

5 ஒக்டோபர்

மூன்றாவது ஆட்டம். அந்த ஜனவரிப் பிள்ளையின் அணி. இரண்டாவது பகுதியில் மூலையில் இருவரும் ஒரே பக்குக்குப் போனார்கள். நான் கண்ணை மூடவில்லை; மூட வேண்டும் போல இருந்தது. என் மகன் திரும்பிப் பார்த்தான். ஒட்டி நின்றான். அடி விழுந்தது, பலகை அதிர்ந்தது, அவன் உட்கார்ந்துவிட்டான். எழுந்தான். பக்கை அந்தப் பிள்ளை கொண்டுபோய்விட்டான். ஆட்டம் முடிந்து கை கொடுக்கும் வரிசையில் அந்தப் பிள்ளை குனிந்து இவனிடம் ஏதோ கேட்டான், இவன் தலையசைத்தான். காரில் கேட்டேன். "தோள் சரியா என்று கேட்டான், அப்பா." அந்தப் பிள்ளைக்கும் பதின்மூன்று வயதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தோள் சரியில்லை. எலும்புக்கு ஒன்றுமில்லை, நீலம் பாரித்திருக்கிறது. தோள்காப்பு அவனுக்குப் பெரிது. அடி விழுந்ததும் மேலே ஏறிக் கழுத்துப் பக்கம் போய்விடுகிறது. கடையில் அவனுடைய உயரத்துக்குக் கிடைப்பதெல்லாம் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கான மெல்லிய காப்பு, மோதலுக்கு ஆகாது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்தில் யாரிடமாவது இளையோர் சிறிய அளவில் தடித்த தோள்காப்பு பழையது இருந்தால் எழுதுங்கள். நெஞ்சளவு 27 அங்குலம். வியாழன் பயிற்சிக்கு முன் வந்து எடுத்துக்கொள்கிறேன்.